இறுக்கினாலும் ஏன் ஆடுகிறது? சிறிய லேத்தின் ஜிப் திருகுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பொழுதுபோக்குக்காகச் சின்ன லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. துண்டாக அறுக்கும் பார்ட்டிங் டூல் ஜாபுக்குள், அதாவது கடையும் துண்டுக்குள், இறங்கும்போது படபடவென்று அடிக்கிறது. கடைந்த பரப்பில் வரிவரியாகத் தடம் விழுகிறது. டூலைத் தாங்கும் டூல் போஸ்டைக் கையால் பிடித்து அசைத்தால் லேசாக 'கிடுக்' என்கிறது. யாரிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பக்கத்துல இருக்கிற குட்டித் திருகுகளை இறுக்கிவிடுங்க." இறுக்குகிறார்கள். கைப்பிடியைச் சுற்ற முடியாத அளவுக்கு இறுகிவிடுகிறது. ஆட்டம் மட்டும் போகவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் பழையபடி. கடைசியில் "சின்ன மெஷின்னா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

மெஷின் மேல் பழி போடுமுன் அந்தக் குட்டித் திருகுகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் குறை இறுக்கத்தில் இருப்பதில்லை. திருகின் முனை போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது.

## இழுப்பறை நகர்வது போல

மேசை இழுப்பறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் அளவாகப் பொருந்தினால் நேராகப் போய் நேராக வரும். பக்கங்களில் இடைவெளி அதிகமிருந்தால் தள்ளும்போதே கோணிக்கொள்ளும். இடைவெளியே இல்லையென்றால் நகராது. இதற்கு ஒரு வழி உண்டு. இழுப்பறையைக் கொஞ்சம் சிறியதாகவே செய்துவிட்டு, ஒரு பக்கத்தில் மெல்லிய பட்டை ஒன்றைச் செருகி, வெளியிலிருந்து சில திருகுகளால் அந்தப் பட்டையை உள்ளே தள்ளலாம். இழுப்பறை தேயத் தேய, திருகை ஒரு துளி முறுக்கினால் போதும்.

லேத்தில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். டூலை ஜாபை நோக்கி முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம் கிராஸ் ஸ்லைடு. அதன் மேலே, வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளும்படி இன்னொரு சிறிய ஸ்லைடு இருக்கும். அது காம்பவுண்டு ஸ்லைடு. இரண்டும் டவ்டெயில் மேல் ஓடுகின்றன. டவ்டெயில் என்பது மேலே அகன்று கீழே குறுகும் தண்டவாளம். பக்கச் சுவர்கள் சாய்ந்திருப்பதால் அதன்மேல் ஓடும் ஸ்லைடு மேலே கழன்று வராது. அந்தச் சாய்வு பெரும்பாலும் 60 டிகிரி. சில லேத்துகளில் 55.

ஸ்லைடின் ஒரு பக்கம் தண்டவாளத்தை நேரடியாகத் தொட்டபடி ஓடும். மறுபக்கத்தில் வேண்டுமென்றே இடம் விட்டு ஒரு உலோகப் பட்டையைச் செருகியிருப்பார்கள். அந்தப் பட்டைதான் ஜிப். ஸ்லைடின் வெளிப்பக்கத்தில் வரிசையாகத் தெரிகிற குட்டித் திருகுகள் அதை உள்ளே தள்ளுகின்றன. இவை கிரப் திருகுகள், அதாவது தலை இல்லாத திருகுகள். பின்பக்கத்தில் ஆலன் கீ நுழைய அறுகோணக் குழி இருக்கும். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் எம்4 அளவு, அதாவது 4 மி.மீ. விட்டம். தானாகக் கழலாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு லாக் நட் பூட்டியிருக்கும்.

## கைப்பிடி சும்மா சுற்றுவது வேறு கதை

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கட்டுரை வீண்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை முன்னே சுற்றிவிட்டு, திசை மாற்றிப் பின்னே சுற்றிப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் கைப்பிடி மட்டும் சுற்றும், ஸ்லைடு நகராது. இதற்குப் பெயர் பேக்லாஷ். ஸ்லைடை இழுக்கும் நீளத் திருகுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியால் வருவது. சின்ன லேத்துகளில் 0.1, 0.2 மி.மீ. பேக்லாஷ் வெகு சாதாரணம். அதனால் பெரிய நட்டமும் இல்லை. டூலை எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்குக் கொண்டுவந்தால் அது கணக்கிலேயே வராது.

ஜிப் திருகுகளுக்கும் பேக்லாஷுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஜிப் கவனிப்பது ஸ்லைடு பக்கவாட்டில் ஆடுவதையும் மேலே எம்புவதையும்தான். ஆனாலும் பேக்லாஷைப் போக்க ஜிப்பை இறுக்குபவர்கள் ஏராளம். இறுக்கினால் ஸ்லைடு கனமாகிவிடும், அதனால் வெட்டும்போது தானாக முன்னே இழுபடாது. பேக்லாஷ் குறைந்துவிட்டது போல ஒரு தோற்றம் கிடைக்கும். அவ்வளவுதான். அதற்கு விலையாக ஜிப்பும் திருகு முனையும் வேகமாகத் தேயும்.

ஆக, கைப்பிடி சும்மா சுற்றினால் நட்டைப் பாருங்கள். டூல் போஸ்டைப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் ஜிப்பைப் பாருங்கள். இரண்டும் இருந்தால் முதலில் ஜிப்பைச் சரிசெய்யுங்கள். ஸ்லைடு தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போது பேக்லாஷை அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

## திருகு முனையில் என்ன நடக்கிறது

இதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலான சின்ன லேத்துகளில் திருகு கிடைமட்டமாக உள்ளே வருகிறது. ஜிப்போ 60 டிகிரி சாய்ந்து நிற்கிறது. ஆகவே திருகின் முனை பட்டையை நேருக்கு நேர் சந்திப்பதில்லை. 30 டிகிரி கோணலாகச் சந்திக்கிறது. தட்டையான முனை என்றால் அதன் விளிம்பில் ஓர் ஓரம் மட்டுமே பட்டையில் படும். மொத்த அழுத்தமும் அந்த ஊசிமுனை அளவு இடத்தில் இறங்கும்.

அப்புறம் இன்னொன்று. சாய்ந்த பரப்பைக் கிடைமட்டமாகத் தள்ளினால் அந்த விசை இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி பட்டையைத் தண்டவாளத்தோடு அழுத்தும். நமக்கு வேண்டியது அது. மற்றொரு பகுதி பட்டையைச் சாய்வின் வழியே கீழ்நோக்கி நழுவவைக்கப் பார்க்கும். 60 டிகிரி டவ்டெயிலில் இந்த இரண்டாம் பகுதி தள்ளும் விசையில் சரிபாதி. உராய்வு கொஞ்சம் தடுக்கும், முழுதாகத் தடுக்காது.

இதற்காகத்தான் பட்டையில் ஒவ்வொரு திருகுக்கும் நேரே ஒரு சிறு குழி போடுவார்கள். திருகின் முனை அந்தக் குழிக்குள் உட்கார்ந்தால் பட்டை கீழே நழுவாது. ஸ்லைடு முன்னும் பின்னும் போகும்போது பட்டையும் கூடவே வரும், பின்தங்கி இழுபடாது. குழியின் அடித்தளம் திருகுக்கு நேராக அமைந்திருந்தால் முனை முழுதாகப் படியும், அழுத்தமும் பரவும்.

குழி சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டை கொஞ்சம் நழுவிச் சாய்ந்து நிற்கும். அதன் முழு முகமும் தண்டவாளத்தில் படியாமல் ஏதோ ஒரு விளிம்பு மட்டும் படும். இப்போது திருகை இறுக்குங்கள். அந்த விளிம்பு தண்டவாளத்தைக் கவ்வும், ஸ்லைடு கனமாகும். ஆனால் மீதி முகத்துக்குப் பின்னால் இடைவெளி அப்படியே இருக்கிறது. வெட்டு விசை வந்ததும் ஸ்லைடு அந்த விளிம்பையே அச்சாக வைத்துச் சாய்ந்தாடும். இறுகியும் ஆடுவதன் காரணம் இதுதான். திருகை இன்னும் முறுக்குவதால் இது தீராது.

சில புதிய லேத்துகளில் குழி மேம்போக்காகத்தான் போடப்பட்டிருக்கும். சிலவற்றில் குழியும் திருகும் ஒரே நேர்கோட்டில் வராது. எனவே தேய்மானம் என்றதும் பழைய மெஷினை மட்டும் நினைக்க வேண்டாம். பொருந்தாத குழியில் முறுக்கிய திருகு சில வாரங்களிலேயே முனை மழுங்கிவிடும்.

## "திருகு தேய்ந்துவிட்டது" என்றால் எது தேய்ந்தது?

திருகு தேய்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தேயும் இடங்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி. எம்4 கிரப் திருகுக்கு 2 மி.மீ. கீ, எம்5க்கு 2.5. அங்குலக் கணக்கு கீகளில் 3/32 என்பது 2.38 மி.மீ.; அதை 2.5 குழிக்குள் விட்டால் நுழையும், சுற்றவும் செய்யும், ஆனால் மூலைகளை மழுக்கிவிடும். மூலை மழுங்கினால் திருகைக் கழற்றுவது சிரமம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை, நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாமல் போவது. கணக்கைப் பாருங்கள்: எம்4 திருகின் மரைகளுக்கு (சுற்றி ஓடும் சுருள் வரிகளுக்கு) இடையே 0.7 மி.மீ. அதாவது முழுச் சுற்று சுற்றினால் முனை 0.7 மி.மீ. உள்ளே போகும். 10 டிகிரி திருப்பினால் ஏறத்தாழ 0.02 மி.மீ. நமக்கு வேண்டிய துல்லியமே அந்த அளவுதான். மழுங்கிய குழியில் கீ தானே 10 டிகிரிக்கு மேல் சும்மா ஆடினால் எதை வைத்துச் சரிசெய்வது?

இரண்டாவது, முனை. மேலே சொன்ன ஓரத் தொடர்பால் முனை ஒரு பக்கம் நசுங்கும், அல்லது சுற்றிலும் பிதுங்கிக் காளான் தலைபோல் விரியும்.

மூன்றாவது, மரை. திருகின் மரை தேயலாம். ஸ்லைடில் உள்ள துளையின் மரையும் தேயலாம். ஸ்லைடு வார்ப்பிரும்பு. அது நசுங்குவதை விடப் பொடிந்து உதிரும் சுபாவம் கொண்டது. திரும்பத் திரும்பப் பலமாக முறுக்கிய துளையிலிருந்து கறுப்புத் தூள் வருவது அதனால்தான்.

நான்காவது, பட்டையில் உள்ள குழி. ஒன்றிரண்டு இடங்களில் திருகு முனை தோண்டித் தோண்டி, பக்கத்துப் பக்கத்தில் குழிகள் விழுந்து, ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன் பிறகு திருகை எங்கே நிறுத்தினாலும் முனை வழுக்கிப் பழைய பள்ளத்துக்கே போகும். "இறுக்கி வைத்தேன், மறுநாள் தளர்ந்துவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும்.

## பிரிக்குமுன் பார்க்க வேண்டியது

மின் இணைப்பை முதலில் பிடுங்கிவிடுங்கள். டூலையும் கழற்றி வையுங்கள். வேலை முழுக்கக் கையை அதன் அருகில்தான் கொண்டுபோகப் போகிறீர்கள்.

டயல் இண்டிகேட்டர் இருந்தால் நல்லது. ஊசி எவ்வளவு நகர்ந்தது என்பதை 0.01 மி.மீ. வரை முகப்பில் காட்டும் அளவுக் கருவி அது. அதன் காந்த அடித்தளத்தை, கிராஸ் ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தைச் சுமக்கிற சேடில் மேல் வைத்து, ஊசியை ஸ்லைடின் பக்கத்தில் தொடவிடுங்கள். டூல் போஸ்டைக் கையால் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கையை எடுங்கள். இப்போது முள்ளைப் பாருங்கள். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால் அது வெறும் வளைவு. எல்லா இரும்பும் கொஞ்சம் வளையும், சின்ன லேத் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வளையும். தள்ளிய இடத்திலேயே முள் நின்றுவிட்டால் அது இடைவெளி. ஜிப்பால் போக்கக்கூடியது இந்த இரண்டாவது வகை மட்டும்தான். இதைப் பிரித்துப் பார்க்காமல் வளைவைப் போக்க ஜிப்பை முறுக்கிக்கொண்டே போவதால்தான் பல மரைகள் பலியாகின்றன.

டயல் இல்லையா? ஸ்லைடும் தண்டவாளமும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். டூல் போஸ்டை அசைத்தபடி அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் ஆயில் உள்ளே இழுபட்டு, மறு அசைவில் சின்னக் குமிழியோடு வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத அசைவை ஆயில் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டை சாய்ந்து நிற்கிறதா என்று அறிய, அதை உருவி எடுத்து, தண்டவாளத்தில் படும் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் வண்ணம் பூசுங்கள். திரும்பச் செருகி, லேசாக இறுக்கி, ஸ்லைடைக் கையால் சில தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு வெளியே எடுங்கள். வண்ணம் பரவலாக அழிந்திருந்தால் பட்டை நன்றாகப் படிகிறது. ஒரு விளிம்பில் மட்டும் கோடாக அழிந்திருந்தால், திருகைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் குழிகளைப் பாருங்கள்.

சுருக்கமாக: முள் தள்ளிய இடத்திலேயே நின்றால் ஜிப் வேலை. வண்ணம் விளிம்பில் மட்டும் அழிந்தால் குழி வேலை. கீ சும்மா சுற்றினால் திருகையே மாற்றும் வேலை.

## கழற்றும்போது ஒரு எச்சரிக்கை

லாக் நட்டைத் தளர்த்திவிட்டு ஆலன் கீயால் திருகை வெளியே எடுக்கிறீர்கள். முதலில் சுலபமாக வந்து, பாதியில் கனத்தால் உடனே நிறுத்துங்கள். முனை பிதுங்கி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் பலம் கொடுத்து இழுத்தால் அந்த விரிந்த முனை துளையின் மரை முழுவதையும் உழுதுகொண்டு வெளியே வரும். மாற்றுத் திருகு எளிதில் கிடைக்கும். ஸ்லைடின் மரை அப்படிக் கிடைக்காது.

அதற்குப் பதிலாக மற்றத் திருகுகளைத் தளர்த்தி, ஜிப்பை உருவி, ஸ்லைடையே தண்டவாளத்திலிருந்து கழற்றி எடுத்துவிடுங்கள். இப்போது உள்பக்கம் திறந்திருக்கும். லாக் நட்டை நீக்கிவிட்டு, திருகை உள்நோக்கிச் சுற்றினால் விரிந்த முனை முன்னே போக, திருகு உள்பக்கமாக வெளியே வந்துவிடும். மரைக்கு ஒரு கீறலும் இல்லை.

அறுகோணக் குழி முழுக்க மழுங்கிப்போனதென்றால், திருகு வெளியே போதிய நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். நீட்டியிருந்தால் அதன் மேல் இரண்டு எம்4 நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று நெருக்கி இறுக்குங்கள். இரண்டும் திருகைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 7 மி.மீ. ஸ்பேனரால் உள்நட்டைத் திருப்பினால் திருகு வெளியே வரும். நீட்டாத திருகுக்குத் தலைவலி கொஞ்சம் அதிகம்: மழுங்கிய குழிக்குள் சற்றே பெரிய நட்சத்திர முனை பிட் ஒன்றை மெதுவாகத் தட்டி இறக்கித் திருப்பிப் பார்க்கலாம்.

## முனையும் குழியும்

புதிய திருகு வாங்கும்போது கடினமான அலாய் ஸ்டீல் கிரப் திருகாகக் கேளுங்கள். 45எச் என்ற தரக் குறியீடு அதற்கு உரியது. ஸ்டெயின்லெஸ் பளபளவென்றிருக்கும், துருப்பிடிக்காது, ஆனால் அறுகோணக் குழியும் முனையும் சீக்கிரம் மழுங்கும். லேத்தில் ஆயில் இருந்துகொண்டே இருக்கும். துருவைப் பற்றிக் கவலைப்பட அவசியமில்லை.

புதிய திருகைப் பட்டையின் பழைய குழியில் போட்டால் அது பழைய பள்ளத்தில்தான் போய் விழும். ஆகவே குழிகளைப் புதுப்பிப்பதுதான் உண்மையான வைத்தியம்.

முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். கூர்முனைத் திருகு ஒன்று வேண்டும். கூம்பு முனையோடு விற்கும் கிரப் திருகே போதும். ஸ்லைடையும் பட்டையையும் தண்டவாளத்தில் பொருத்துங்கள். பட்டை கீழே நழுவிவிடாமல், மேலும் கீழும் சம இடைவெளியில் நிற்கும்படி அதன் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிக்கொள்வது நல்லது. பிறகு கூர்முனைத் திருகை ஒவ்வொரு துளையிலும் ஓட்டி, பட்டையில் ஒரு புள்ளி விழும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். பட்டையை எடுத்துப் பார்த்தால், பழைய குழிகளுக்கும் புதிய புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் பல விஷயங்களைச் சொல்லும். புதிய புள்ளி பழைய குழியின் ஓரத்திலேயே விழுந்தால், பட்டையை நீளவாக்கில் சில மி.மீ. தள்ளிவைத்துப் புது இடத்தில் குறிக்கலாம். பட்டையின் முனைகள் ஸ்லைடை விட்டு வெளியே நீட்டாத அளவுக்குத்தான் தள்ள முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து குழி தோண்டுவது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பட்டையைத் தட்டையாகப் படுக்கவைத்து நேராகத் துளைத்தால் குழியின் அச்சு பட்டைக்குச் செங்குத்தாக இருக்கும். திருகோ 30 டிகிரி கோணலில் வரும். பழைய பிரச்சினையே திரும்பிவிடும். பட்டையை 30 டிகிரி ஆப்பு மீது சாய்த்துப் பிடித்துத் துளைக்க வேண்டும். 55 டிகிரி டவ்டெயிலாக இருந்தால் 35. எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் சந்தேகம் வந்தால், பட்டையை ஸ்லைடுக்குள் வைத்துத் திருகு வரும் திசையை அதன் முனைப்பக்கத்தில் கோடாக வரைந்துகொள்ளுங்கள். துளைக்கும்போது அந்தக் கோடு செங்குத்தாக நிற்க வேண்டும். சாதாரண டிரில் பிட் சாய்ந்த பரப்பில் நழுவி ஓடும். குட்டையான சென்டர் டிரில் அவ்வளவாக நழுவாது; அடி தட்டையான வெட்டுக் கருவியான சின்ன எண்டு மில் கிடைத்தால் குழியின் அடி தட்டையாகவும் வரும். ஆழம் ஒரு மி.மீ. போதும். பட்டை மெல்லியது, மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விடக் கூடாது. வேலை முடிந்ததும் குழியின் வாயிலும் மறுமுகத்திலும் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்டவாளத்தில் படும் முகத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் மொத்த உழைப்பும் போச்சு. எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

திருகு முனை குழிக்குப் பொருந்த வேண்டும். தட்டை அடியுள்ள குழிக்கு, முனையில் மரை இல்லாமல் ஒல்லியான உருளை நீட்டிக்கொண்டிருக்கும் திருகு வெகு பொருத்தம். அது கிடைக்காவிட்டால் இன்னொரு நல்ல உபாயம் உண்டு: திருகுக்கும் பட்டைக்கும் நடுவே 3 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றைப் போடுவது. எம்4 மரைத் துளையின் உள்விட்டம் 3.2 மி.மீ.க்குச் சற்று மேல், ஆகவே குண்டு அதற்குள் தாராளமாகப் போகும். திருகின் முனை கிண்ணம்போல் குழிந்த வகையாக இருக்க வேண்டும். பட்டையில் கூம்புக் குழி போதும். குண்டு எந்தக் கோணத்தையும் ஏற்றுக்கொள்ளும், திருகு சுற்றும்போது பட்டையைக் கூடவே இழுக்காது. ஆப்பு வைத்து 30 டிகிரி பிடிக்க வசதி இல்லாதவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே ஒரு தொல்லை, பூட்டும்போது குண்டு உருண்டு ஓடும். துளியளவு கிரீஸ் தடவிக் குழியில் ஒட்டவைத்தால் அடங்கிவிடும்.

## மரை போயிருந்தால்

புதுத் திருகு ஒன்றைத் துளையில் பாதி ஓட்டி, வெளியே நீட்டும் நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். லேசான அசைவு எல்லா மரையிலும் இருக்கும். பக்கத்துத் துளைகளை விடக் கண்ணில் படும்படி கூடுதலாக ஆடினால், அல்லது முறுக்க முறுக்க இறுகாமல் திடீரென்று நழுவினால், துளை மரை போய்விட்டது.

வழி இரண்டு. ஒன்று, அடுத்த அளவுக்குப் போவது: 4.2 மி.மீ. டிரில்லால் துளையைப் பெரிதாக்கி எம்5 டேப் (மரை வெட்டும் கருவி) போடலாம். துளைக்கு மேலும் கீழும் போதிய உலோகம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஸ்லைடின் கீழ் விளிம்பு பல லேத்துகளில் பயப்படும் அளவுக்கு மெல்லியது. மற்றொன்று, ஹெலிகாயில் என்று பொதுவாகச் சொல்லப்படும் கம்பிச் சுருள் மரை. துளையைப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப் போட்டு, சுருளைச் செருகினால் பழைய எம்4 அளவே எஃகு மரையாகத் திரும்பக் கிடைக்கும். டிரில் அளவை அந்த செட்டோடு வரும் அட்டையைப் பார்த்து எடுங்கள். இரண்டில் எனக்குச் சுருள்தான் பிடிக்கும். வார்ப்பிரும்பு மரையை விட அது உழைக்கும், மற்றத் திருகுகளோடு அளவும் ஒத்துப்போகும்.

எதைச் செய்தாலும் கையால் பிடிக்கும் டிரில் வேண்டாம். ஸ்லைடை இறுகப் பிடித்து, நிற்கும் டிரில் மெஷினில் பழைய துளைக்கு நேராகப் போடுங்கள். துளை கோணினால் குழியோடு பொருந்தாது, திரும்பவும் முதல் அத்தியாயம்.

பசை போட்டு அடைப்பது, டெஃப்லான் நாடா சுற்றுவது போன்ற யோசனைகள் உலவுகின்றன. திருகு கழலாமல் இருக்க அவை கொஞ்சம் உதவலாம், அழுத்தத்தைத் தாங்காது.

## திரும்பப் பூட்டி அளவுக்குக் கொண்டுவருவது

எல்லாவற்றையும் துடைத்து, புது ஆயில் போட்டுப் பூட்டுங்கள். கைப்பிடியின் நீளத் திருகை இப்போதைக்கு இணைக்க வேண்டாம். அது இணைந்திருந்தால் திருகின் கனமா, ஜிப்பின் கனமா என்று கைக்குப் புரியாது. ஸ்லைடை வெறும் கையால் தள்ளிப் பார்க்கும்போதுதான் ஜிப் பேசும்.

நடுத் திருகில் ஆரம்பித்து மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் பட்டையைத் தொடும்வரை கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சிறுகச் சிறுக முறுக்கி, ஒவ்வொரு முறையும் ஸ்லைடைத் தள்ளிப் பாருங்கள். வழவழப்பாக, ஆனால் ஒரே சீரான இழுவையோடு நகர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கடைசியாகத் தொட்ட திருகைக் கொஞ்சம் விடுங்கள்.

பழைய லேத்தில் ஒரு சங்கடம் வரும். தண்டவாளம் அதிகம் ஓடும் நடுப்பகுதியில் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். நடுவில் சரியாக வைத்தால் ஓரங்களில் பிடிக்கும். இதை எந்தத் திருகாலும் தீர்க்க முடியாது. இறுக்கமான ஓரத்துக்கு ஏற்ப வைத்துவிட்டு நடுவில் சற்று ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அல்லது நீங்கள் எப்போதும் வேலை செய்யும் பகுதிக்கு ஏற்ப வைத்துவிட்டு ஓரத்துக்குப் போகாமல் இருக்கலாம். சின்ன ஜாப்களே செய்பவர்களுக்கு இரண்டாவது நல்லது.

இனி லாக் நட். அரும்பாடுபட்டு வைத்த அளவு கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நட்டை இறுக்கும்போது அது திருகையும் கூடவே உள்நோக்கிச் சுற்றப் பார்க்கும். ஆகவே ஒரு கையில் ஆலன் கீயால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் நட்டை இறுக்க வேண்டும். அப்படியே பிடித்தாலும், நட் இறுகும்போது திருகை மரையின் இடைவெளி அளவுக்கு வெளியே இழுக்கும். முன்னது இறுக்கத்தைக் கூட்டும், பின்னது குறைக்கும். மரை நன்றாக இருந்தால் மாற்றம் மிகச் சிறியது. தேய்ந்த மரையில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். எனவே ஒவ்வொரு நட்டையும் இறுக்கியதும் ஸ்லைடைத் தள்ளிப் பாருங்கள். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு கடைசியில் பார்த்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

லாக் நட் இல்லாத லேத்தில் மரையில் தடவும் பூட்டுப்பசையைப் பயன்படுத்தலாம். அதில் பல பலங்கள் உண்டு. குறைந்த பலமுள்ளதை எடுங்கள். அதிக பலமுள்ளதைப் போட்டால் அடுத்த முறை சூடு காட்டித்தான் திருகைக் கழற்ற வேண்டிவரும்.

## வேறு வகை ஜிப்கள்

லேத்தின் நீள அடித்தளமான பெட்டின் மேல் ஓடும் சேடிலுக்கு அடியிலும் இதே வேலையைச் செய்யும் தட்டுகள் இருக்கும். டூல் ஜாபில் சிக்கினால் சேடில் மேலே எம்பாமல் இவைதான் பிடித்துக்கொள்கின்றன. பல சின்ன லேத்துகளில் அந்தத் தட்டைச் சில திருகுகள் மேலே இழுக்கும், சில கீழே தள்ளும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும். முனை மழுங்குவது இங்கே குறைவு; அழுக்குச் சேர்வது அதிகம்.

சற்றுப் பெரிய லேத்துகளில் பட்டையே நீளவாக்கில் ஆப்பு போல ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்திருக்கும். பக்கத் திருகு வரிசை கிடையாது. முனையில் உள்ள ஒன்று அல்லது இரண்டு பெரிய திருகுகள் பட்டையை நீளவாக்கில் தள்ளி இடைவெளியை நிரப்பும். அதன் முழு முகமும் படிவதால் மேலே சொன்ன முனைக்குழித் தொல்லை எதுவும் அங்கே இல்லை. தேய்வது திருகின் தலை உட்காரும் காடி. அது அகன்றால் திசை மாறும்போது பட்டை ஒரு துளி நகரும். தலைக்கும் காடிக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பக்கத் திருகு வகைக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை பாக்கி. புது முனையும் புதுக் குழியும் ஒன்றோடொன்று படிந்து உட்காரக் கொஞ்சம் ஓட வேண்டும். முதல் சில ஜாப்கள் முடிந்ததும் நட்டுகளைத் தளர்த்தி, இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு திருகும் சில டிகிரி உள்ளே போக இடம் கொடுத்திருக்கும். அதையும் சரிசெய்துவிட்டால், பார்ட்டிங் டூல் மறுபடி படபடக்கும்வரை அந்தப் பக்கம் ஆலன் கீயை எடுத்துப் போகத் தேவையில்லை.